கட்டிலுக்கு அடியில் பூனை

“இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமைங்கறதே கிடையாது, டாக்டரம்மா. பெல்லை ஒரு தடவை அடிப்பாங்க. நான் கதவைத் திறக்கறதுக்குள்ள ஓடிடுவாங்க. அவங்களையெல்லாம் வீட்டுக்கு வந்து போறவங்கன்னு சொல்ல முடியுமா?”

பெரியவர் சொன்னதற்கு டாக்டரம்மா சிரிக்கவில்லை. சின்ன வயதுப் பெண்தான். மேசைமேல் கிடந்த சாம்பல் நிறக் கடுவன் பூனையின் வயிற்றை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தாள். கல் மாதிரி இறுகிப் போயிருந்த அதன் மூத்திரப்பையை இப்போதுதான் குழாய் விட்டுக் காலி செய்திருந்தாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

“ஐயா, நான் கேட்டது வேற. பூனை எதுக்குப் பயப்படுது?”

“பயமா? மூத்திரம் வரலைன்னு தூக்கிட்டு வந்தேன். மாத்திரை குடுங்க. அதோட மனசைப் பத்தி யாரு கேட்டா?”

“ரெண்டும் ஒண்ணுதான் ஐயா. பூனைக்குப் பயம் வந்தா உடம்பே மாறிடும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். சோறு இறங்காது. முடி கொட்டும். சில பூனை நின்ன இடத்துலயே கழிஞ்சிடும். சில கடுவனுக்கு உள்ள புண்ணாகி வழியே அடைச்சுக்கும். இதுக்கு அதான். இன்னொரு தடவை அடைச்சா என்னால காப்பாத்த முடியாது.”

பெரியவர் குனிந்து பூனையின் நெற்றியைத் தடவினார்.

நாற்பது வருடம் பூட்டு ரிப்பேர் செய்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பூட்டுக்காரர். மூன்று நிமிடத்தில் திறக்க முடியாத பூட்டு ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. அதனாலேயே பூட்டையும் நம்பவில்லை, மனிதர்களையும் நம்பவில்லை. மனைவி போன பிறகு அந்த மாடி வீட்டில் அவரும் நாலு சுவரும்தான்.

போன மழைக்காலத்தில் சமையலறை ஜன்னல் வழியாக இந்தப் பூனை வந்தது. விரட்டினார். போகவில்லை. இரண்டாம் நாள் மடியில் ஏறித் தூங்கிவிட்டது. கால் மரத்துப் போனது. அப்படியும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஓர் உயிர் அவரைத் தொட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

“பூனைக்கு என்ன பேரு? அட்டையில எழுதணும்.”

“பூனை.”

“பேரு ஐயா, பேரு.”

“அதான் சொல்றேனே. வீட்ல இருக்கறதே நாங்க ரெண்டு பேர். நான் வாயைத் தொறந்தா தன்னைத்தான் கூப்பிடறேன்னு அதுக்குத் தெரியாதா?”

டாக்டரம்மா அட்டையில் ‘பூனை’ என்றே எழுதினாள்.

“எப்பெப்போ இப்படி ஆகுது?”

“யாராச்சும் வந்தா. பாஞ்சு போய்க் கட்டிலுக்கு அடியில பூந்துக்கும். அப்புறம் ரெண்டு நாளைக்குச் சோறும் கிடையாது, மூத்திரமும் கிடையாது.”

“பெல் சத்தம் ஆகலையோ?”

“சேச்சே. பெல்லுக்குத் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். ஓடறது அதுக்கப்புறம்தான்.”

அப்போது வெளியே காத்திருந்த நாய் ஒன்று குரைத்தது. பூனையின் காதுகள் மண்டையோடு ஒட்டிக்கொண்டன. கண் இரண்டும் முழுக்கக் கறுத்தன. பெரியவரின் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கியது. மேசைத் துணியில் ரத்தம் கலந்த ஈரம் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“வீட்லயும் இப்படித்தானா?”

“அச்சு அசல் இதேதான்.”

“அப்போ தெரிஞ்சுபோச்சு. உங்க வீட்ல நாய் இருக்கு.”

“என் வீட்லயா? எனக்கும் பூனைக்குமே கால் நீட்ட இடமில்லை. இதுல நாய் வேறயா?”

“பக்கத்து வீட்ல?”

“அந்தக் கட்டடத்துலயே நாய் வளர்க்க ஓனர் விடமாட்டார்.”

“இருக்கு ஐயா. எங்கயோ தூரத்துல இல்லை, உங்க கதவுகிட்டயே இருக்கு. கண்டுபிடிச்சு விரட்டுங்க. மாத்திரையே வேண்டாம், பூனை தானா தேறிடும். விரட்டலைன்னா...”

பூனைக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெரியவர் வீடு வந்து சேர்ந்தார். டாக்டரம்மா சொன்னதில் அவருக்குத் துளிகூட நம்பிக்கையில்லை. இருந்தாலும் மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தார். மொட்டை மாடிக்கு மூச்சு வாங்க ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேடினார். ஒரு நாய் முடிகூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து கூடையைத் திறந்தார். பூனை மெல்ல இறங்கியது. கிண்ணத்துத் தண்ணீரை நக்கியது. மணல் தட்டில் போய் நின்று நிதானமாக, நிறைய, மூத்திரம் பெய்தது. பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“கெட்டிக்காரன்டா நீ” என்றார். அது வந்து மடியில் ஏறிச் சுருண்டது. அதன் வயிற்றுச் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் இறங்கியது.

பெல் அடித்தது.

பூனை தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. வெளியே கீழ் வீட்டுப் பெண்ணின் குரல். “பூட்டுக்காரரே, பூனை எப்படி இருக்கு?”

பெரியவர் பூனையைப் பூப்போல எடுத்துக் கீழே விட்டார். ஓசைப்படாமல் கதவருகே போனார். ஆறு வருடமாக யார் வந்தாலும் செய்வதைப் போலவே தரையில் முட்டி போட்டு, கதவின் அடி இடுக்கில் வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, “லொள்! லொள்! லொள்!” என்று குரைத்தார்.

படிகளில் காலடிச் சத்தம் தடதடவென்று இறங்கி ஓய்ந்த பிறகு, “நாய் இருக்காம், நாய்!” என்று முணுமுணுத்தபடி, பூனையைத் தேடிக் கட்டிலை நோக்கி நடந்தார்.