லேபிளில் இல்லாத பெயர்

ஃபேஸ் வாஷ் நிறுவனத்தின் வேதியியலாளரான அவள், வாடிக்கையாளரின் கடிதத்தை மூன்றாம் முறையாகப் படித்தாள்.

‘கோகமிடோபுரோபில் பீட்டைன் எனக்கு ஒவ்வாது. எந்தப் புட்டியையும் பின்புறம் திருப்பிப் பார்த்தே வாங்குவேன். உங்கள் ஃபேஸ் வாஷில் அந்தப் பெயர் இல்லை. நம்பி வாங்கினேன். நான்கு நாட்களாக இமைகள் வீங்கியிருக்கின்றன. என் தோலில்தான் ஏதும் கோளாறோ?’

எழுதியவர் நாகர்கோவில் பள்ளியொன்றின் ஆசிரியை, பெனிட்டா.

அந்தப் பொருள் புட்டியில் இருந்தது. அளந்து சேர்த்தவள், கடிதத்தைக் கையில் வைத்திருந்த அவளே. தேங்காயெண்ணெயிலிருந்து ஆக்கப்படுவது. நுரைத்து, முகத்தின் பிசுக்கைத் தண்ணீரோடு போகச் செய்வது. பெரும்பாலோருக்குத் தீங்கற்றது.

வெகுசிலருக்கு ஆகாது.

அந்த வெகுசிலருக்கு இருக்கும் ஒரே காவல், லேபிளின் பொடியெழுத்து.

பெயரை எடுக்கச் சொன்னவர் முதலாளி. வாயில் நுழையாத பெயர் இருந்தால் ‘இயற்கை’ என்ற சொல் விலைபோகாதாம்.

இப்போது அவர் எதிரே அமர்ந்து, விளம்பரக் காணொளிக்காகக் கண்ணாடி பார்த்துப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார்.

“ஆயிரத்துல ஒருத்திம்மா. அதுக்காகக் கடையச் சாத்த முடியுமா? உங்க ஸ்கின்தான் வீக்கு, தண்ணி நெறைய குடிங்கன்னு மரியாதையா எழுதிப் போடு. மரியாதைதான் உனக்கு நல்லா வருமே!”

ஒளிப்பதிவாளர் சிரித்தார்.

அவளுக்குச் சினம் வரவில்லை; இகழ்ச்சியே வந்தது. சினம் கொள்வதற்கும் எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக நுரையை விற்கிறார். அது எதனால் வருகிறதென்று ஒருநாளும் கேட்டதில்லை. பூந்திக்கொட்டையால் என்று இன்றும் நம்புகிறாரோ என்னவோ.

ஆனால் அந்த லேபிளுக்கு ஒப்புதல் தந்து கையொப்பமிட்டவள் அவள். அறிந்தே இட்டாள்.

அந்த இகழ்ச்சியில் பெரும்பங்கு அவளுக்கே வந்து சேர்ந்தது.

தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

‘மதிப்புக்குரிய அம்மையீர், வணக்கம். தங்கள் தோலில் குறையேதும் இல்லை.’

அடுத்த வரியில் அந்த நீண்ட பெயரை ஓரெழுத்தும் விடாமல் எழுதினாள். அது புட்டியில் இருப்பதையும், லேபிளிலிருந்து நீக்கப்பட்டதையும் எழுதினாள். நீக்கியவர்கள், கீழே கையொப்பமிடும் இருவர் என்றும் எழுதினாள்.

அச்சிட்ட தாளில் கையொப்பமிட்டாள். நிறுவனத்தின் கடிதம் எதுவாயினும் முதலாளியின் கையொப்பமும் வேண்டும்.

நீட்டினாள்.

“பணிவா எழுதியிருக்கியா?”

“ரொம்பப் பணிவா எழுதியிருக்கேன், சார்.”

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேனாவுக்குக் கையை நீட்டினார்.