வேலைக்காரி நிறம்

“அந்தக் கறுப்ப அவ மூஞ்சியில பூசாதீங்க மேடம்.”

வேலைக்காரி வேஷத்தில் நின்றவள் சொல்லிவிட்டாள்.

நாடகத்தின் இடைவேளை, ஒப்பனை அறை. கண்ணாடிக்கு முன்னால் சீமாட்டி கவுனில் உட்கார்ந்திருந்த மிருதுளா, உதட்டுச் சாயத்தைப் பாதியில் நிறுத்தினாள். துறைத்தலைவி வத்சலா மேடம், கிண்ணத்தில் பழுப்புச் சாந்தை விரலால் குழைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இவளுக்கு முன்னால் இதே வேலைக்காரி வேஷம் கட்டியவள்.

“ஏட்டி, என்ன வேணும்னாலும் கேளு. அந்தப் பூச்சப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராத. பிஎச்டி சீட்டு வேணும்லா?”

வேணும்தான்.

அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இந்த நாடகத்தின் படங்களையும் மேடை வரலாற்றையும் ஆராய வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய ஒரே கை, இப்போது கிண்ணத்துக்குள் இருந்தது.

ஆங்கிலத் துறை வருஷா வருஷம் போடும் அதே பழைய ஆங்கில நகைச்சுவை நாடகம். கூச்சக்காரத் துரையை மடக்க, சீமாட்டி தன் வீட்டிலேயே வேலைக்காரியாக நடிப்பாள். வேலைக்காரி என்று நம்பிய பிறகுதான் துரைக்கு வாய் திறக்கும். கையும் நீளும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

நிஜ வேலைக்காரியும் ஒருத்தி உண்டு. ஒரே காட்சி. ‘அம்மா, துரை உங்களைப் பணிப்பெண் என்று நினைத்துவிட்டார்’ என்று அவள் வந்து சொன்னால்தான் சீமாட்டிக்கு அந்த யோசனையே வரும். அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. யாரும் பார்ப்பதேயில்லை.

அதுதான் இவள்.

துறையில் ஒரு வழக்கம். சீமாட்டி வேலைக்காரியாக மாறும்போது முகத்துக்கும் கழுத்துக்கும் பழுப்பு பூசுவார்கள். நிறம் சரியாக வர வேண்டுமே. அதனால் நிஜ வேலைக்காரியாக நடிப்பவளின் கன்னத்தில் ஒரு தீற்று இழுத்துப் பார்ப்பார்கள். தீற்று தெரியாமல் மறைந்துபோனால் நிறம் சரி.

போன வருஷம் இவளும் கன்னத்தைக் காட்டினாள்.

“லக்கிடீ நீ, உனக்கு மேக்கப் செலவே இல்ல” என்றாள் மிருதுளா. பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் எரிந்தது.

இந்த வருஷம் நாடகத்தின் படங்களைத் திரட்டி வராந்தாவில் கண்காட்சி வைக்கும் வேலையும் இவள் தலையில். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்தவை. வண்ணம் தீட்டியவை. லண்டன் கொட்டகைச் சுவரொட்டிகள். பொய்முடி வைத்த நடிகைகள், பொய்முடி போன காலத்து நடிகைகள். எல்லாவற்றிலும் சீமாட்டி வேலைக்காரியாகிறாள். ஏப்ரன் ஏறுகிறது. இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிறது.

முகம் அதே முகம்.

வெள்ளைக்காரன் ஊரில் ஒருத்தனுக்கும் பூசத் தோன்றவில்லை.

கடைசியாகக் கல்லூரியின் பழைய புகைப்படங்களை ஒட்டினாள். இங்கே தோன்றியிருந்தது. வருஷா வருஷம் தோன்றியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்திலேயே தெரிந்தது.

“என்னம்மா சொன்ன?” என்றார் மேடம்.

“படத்துல ஒண்ணுலகூடப் பூசல மேடம். ஏப்ரன் மட்டும் போதும்.”

“அது லண்டன். இங்க பூசலன்னா, அவ வேலைக்காரின்னு ஆடியன்ஸுக்கு எப்படித் தெரியும்?”

கோபமே இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்டவளுக்கு விளக்கம் சொல்கிற குரல்.

துரை வேஷம் கட்டியிருந்த பெண், ஒட்டுமீசை கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இண்டர்வெல் முடியப் போகுது. தத்துவத்த நாளைக்கு வச்சுக்கலாம். உன் ரிசர்ச் விஷயமும் பேசணும்ல?” மேடம் விரலை நீட்டினார். நுனியில் பழுப்பு. “கன்னத்தக் காட்டு கண்ணு.”

காட்டவில்லை.

விரல் அந்தரத்தில் நின்றது.

மணி அடிக்க நேரமாகிவிட்ட அவசரம். மேடம் யோசிக்கவில்லை. அந்தச் சாந்தைத் தன் புறங்கையிலேயே இழுத்துப் பார்த்தார்.

தீற்று தெரியவில்லை.

மேடத்தின் முகத்தில் பவுடர் இருந்தது. கையில் இல்லை.

மீசைக்காரி இப்போது சிரிக்கவில்லை. மேடம் முந்தானையால் கையைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் தெரியாதபோதும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மணி அடித்தது.

மிருதுளா எழுந்து ஓடினாள். திரை விலகும் சத்தம். சீமாட்டி சோபாவில் உட்கார்ந்தாயிற்று. இனி வேலைக்காரி போக வேண்டும்.

“போம்மா” என்றார் மேடம், அவள் முகத்தைப் பார்க்காமல். “எல்லாரும் காத்திருக்காங்க.”

போனாள்.

இடப்பக்கம் மேடை. நேரே பின்கதவு. தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள்.

உள்ளே மிருதுளா வசனத்தைச் சொன்னாள். பதில் வரவில்லை. மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் உரக்க.

படியிறங்கும்போது வேஷத்துப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். காலில் மேடைக்கான ஷூ இல்லை. பஸ்ஸுக்குப் போகிற ரப்பர் செருப்பு.

மத்தியானம் வேஷம் கட்டும்போதே ஷூவை ஒதுக்கிவிட்டு அதைத்தான் போட்டிருந்தாள்.