ரெண்டே ரெண்டு வாய்

கொண்டைக்கடலை மசாலாவோடு பட்டூரா பூரி உப்பிக்கொண்டு மேஜைக்கு வந்ததும், தங்கத்தின் முகமும் அதற்குப் போட்டியாக உப்பியது.

"மூணு ப்ளேட் எதுக்கு லதா? உனக்கு ரெண்டு வாய்க்கு மேல இறங்காதே!"

"அதான் மதினி. ரெண்டு வாய் நான், மிச்சம் அண்ணன்."

அண்ணன் ஜோதிலிங்கம் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்க வாய் காலியாக இருந்தால்தானே!

தங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரின் எடை நூற்றிருபத்தெட்டு கிலோ. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று, சுவரில் இருக்கும் பான் கறையை ஆராய்ச்சி செய்வதுபோல் பாவனை பண்ணுகிற மனிதர். தூக்கத்தில் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும். அது திரும்பி வரும்வரை தங்கத்துக்குத் தன் மூச்சு வராது. வயிற்றைச் சின்னதாக்குகிற ஆபரேஷன்தான் வழி, தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. வாயைக் கட்டச் சொல்லித் தங்கம் மிரட்டாத மிரட்டல் இல்லை. ஆபரேஷனுக்கோ மனிதர் பிடியே கொடுக்கவில்லை.

அதே ஆபரேஷனைப் போன வருஷம் செய்துகொண்டவள் லதா. அண்ணனுக்குச் சரியாக இருந்தவள் இப்போது பாதி. லீவுக்குத் திருநெல்வேலியிலிருந்து டெல்லி வருகிறேன் என்று அவள் சொன்னதும், தங்கம் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்காத குறைதான். தங்கை சொன்னாலாவது கேட்பார்!

தங்கை என்ன சொன்னாள்? ரயிலை விட்டு இறங்கியதும், "அண்ணே, இங்க எந்தக் கடையில நல்லா இருக்கும்?" என்றாள்.

முதலில் சாந்தினி சௌக்கில் பராத்தா. பிறகு பண்டாரா ரோடில் தந்தூரி சிக்கன். சரோஜினி நகரில் தனக்கு மீடியம் சைஸில் குர்த்தா எடுத்துக்கொண்டு, "மதினி, உங்க சைஸ் உள்ள குடோன்ல இருக்காம்" என்று ஒரு குத்தும் குத்திவிட்டு, நேரே சாட் கடை. இன்று கரோல் பாக்.

அவள் சாப்பிடுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! மெனு கார்டைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி வரி விடாமல் படிப்பாள். வந்ததும் சின்ன ஸ்பூனில் நாலு கொண்டைக்கடலை. மெல்லுவாள், மெல்லுவாள், நீங்கள் இந்தியா கேட் வரை ஒரு நடை போய் வந்தாலும் மென்றுகொண்டிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா!" என்பாள். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் ஆகாதாம், டம்ளரைத் தொடமாட்டாள். அப்புறம் இரண்டாவது வாய். அவ்வளவுதான், தட்டு அண்ணன் பக்கம் நகர்ந்துவிடும்.

அண்ணன் அதற்குள் தன் தட்டைக் காலி பண்ணிவிட்டு, அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். எப்போது தட்டு வரும் என்ற தவிப்பு, வேறென்ன!

"பையா, ஏக் பனீர் டிக்கா! ஜல்தி!" என்றாள் லதா.

தங்கம் ஸ்பூனை நங்கென்று வைத்தாள். பக்கத்து மேஜை சர்தார்ஜி திரும்பிப் பார்த்தார்.

"நான் கேக்கேன்னு தப்பா நினைக்காத லதா. நீ ஆபரேஷன் பண்ணித் தப்பிச்சிட்ட. உங்க அண்ணன் தப்பிக்க வேண்டாமா? நாலு நல்ல வார்த்தை சொல்லுவேன்னு பாத்தா, வாங்கிக் குடுத்தே கொல்லப் பாக்குத! இந்த மனுசனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ ரயிலேறிப் போயிருவ. நான்லா தனியா நிக்கணும்?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கண்ணில் வந்த தண்ணீருக்குச் சாக்காகப் பச்சை வெங்காயத்தை எடுத்துக் கடித்தாள்.

ஜோதிலிங்கம் தங்கையின் தட்டை இழுத்தார். ஒரு துண்டு பிய்த்துக் கடலை மசாலாவில் தோய்த்து வாயில் போட்டார். வழக்கம்போல் விழுங்கவில்லை. மென்றார். நிதானமாக, லதா மாதிரியே மென்றார்.

"ஏளா, இதுல மாதுளம் விதை போடுதான்போல. இத்தனை வருசமா இந்தக் கடைக்கு வாரேன், இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, "தங்கம், டாக்டர்ட்ட தேதி கேட்டிரு. செஞ்சுக்கிடுதேன்."

தங்கம் கடித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள்.

"நான் இவ்வளவு நாளாக் கெஞ்சினேனே! அப்பல்லாம் எங்க போச்சு இந்த ஞானம்?"

"அப்பல்லாம் பயம்."

"கத்திக்கா?"

"கத்திக்கு என்ன பயம்? அதான் மயக்கம் குடுத்துருவாம்லா..." என்று தலையைக் குனிந்துகொண்டார்.

லதாதான் சொன்னாள். "போன்ல அண்ணன் அழாத குறை மதினி. ஆபரேஷன் பண்ணிட்டா ஆயுசு பூரா கஞ்சித்தண்ணிதானாம். ஹோட்டல் வாசல்ல நின்னு மோந்து பாத்துட்டு வரலாமாம், அவ்வளவுதானாம். வாயால சொன்னா நம்புவாகளா? அதான் எதுத்தாப்புல உக்காந்து தின்னு காட்டணும்னு வந்தேன். எனக்கென்ன ஆசையா? இந்த எண்ணெயைப் பாத்தாலே வயித்தைப் பொரட்டுது. உங்க கையால அரை இட்லி கிடைச்சாப் போதும்னு இருக்கு."

தங்கத்தின் கோபம் அப்படியே திசை மாறிப் பாய்ந்தது.

"கஞ்சித்தண்ணியா! நல்லா இருந்த மனுசனை இப்படியா பயங்காட்டி வைக்கிறது? எந்த நாசமாப்போற வாய் அப்படிச் சொல்லிச்சு? ஆளைக் காட்டுங்க, நாக்கை இழுத்து வச்சு அறுக்கேன்!"

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேருமாகத் தங்கத்தைப் பார்த்தார்கள்.