பானுப்ரியாவின் முகூர்த்தப் புடவை

"தூ! உனக்கு வெக்கமா இல்ல?" வாசலில் நின்றே கத்தினாள் எழிலரசி.

லீலா தறியை நிறுத்தவில்லை. அரக்குச் சிவப்புப் பட்டில் சரிகை ஏறிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

"பெத்த புள்ளய முழுங்கினவன் வூட்டுப் பொண்ணுக்கு முகூர்த்தப் பொடவ நெய்ஞ்சிகினு கீற. அதுவும் சிரிச்சிகினு!"

சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மகன் பாலு போன இந்த எட்டு மாதத்தில் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது இப்போதுதான்.

பாலுவுக்குப் பத்தொன்பது வயது. தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போகிறது என்று மருந்துக்கடை ராமதாஸிடம் போனான். டாக்டர் சீட்டா, அதெல்லாம் யார் கேட்டார்கள்? ராமதாஸ் கடையில் இருந்த மகளிடம் வலி மாத்திரையை எடுத்துக் கொடுக்கச் சொன்னான். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. இல்லாத நாளில் கை நடுங்கும், உடம்பெல்லாம் முறுக்கும். "விட்டுடறேம்மா" என்று காலைப் பிடித்து அழுவான், அடுத்த நாளே கடை வாசலில் நிற்பான். ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லை.

ஊருக்கு லீலா சொன்னது மஞ்சள்காமாலை. எழிலரசியின் மகன் தென்னரசுக்கு நெஞ்சு வலி. இரண்டே தெருவில் ஐந்து பையன்கள், ஐந்து விதமான வியாதி! உண்மை எல்லா வீட்டுக்கும் தெரியும், ஆனால் செத்தவனுக்குக் கெட்ட பேர் வருமே, தங்கச்சிக்கு வரன் அமையாதே என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பயத்தில்தான் ராமதாஸ் கடை ஜோராக ஓடியது. திருவிழாவில் அவனுக்கு மாலை மரியாதை வேறு.

"அந்தப் பொண்ணே வந்து கேட்டுச்சு. நெய்யறேன்," என்றாள் லீலா.

ராமதாஸின் ஒரே மகள் பானுப்ரியா. பார்மசி படித்துவிட்டு அப்பா கடையில் இருக்கிறவள். முந்தானையில் சரிகையில் பேர் வரவேண்டும் என்று, எழுதி மடித்த காகிதத்தோடு வந்து நின்றாள். லீலா கதவைச் சாத்தத்தான் போனாள். அப்புறம் என்ன தோன்றியதோ, காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள்.

பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர் நெய்வதெல்லாம் இப்போது ஆரணியில் சகஜம். "முகூர்த்தம் வரைக்கும் எங்கப்பா கண்ணுலகூடக் காட்டாதீங்கக்கா," என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனாள் அவள்.

எழிலரசி உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினாள். "நெய்யறதுதான் நெய்யற, கட்டினதும் கிழியற மாதிரி நெய்ஞ்சு குடு. மணவறையில அவன் மானம் போவட்டும்."

"சீ! நூலு மேல எனக்கு இன்னா கோவம்? ஒரு இழ தப்பாது." லீலா பல்லைக் கடித்தாள். "ஆனா அவன் ஊர் முன்னாடி தல குனியணும். எம்புள்ளய எடுத்துகினு போன அன்னிக்கே நெனச்சது. நீயும் கல்யாணத்துக்கு வர, மொத வரிசைல உக்கார்ற."

முகூர்த்த நாள். மண்டபத்தில் நிற்க இடமில்லை. பட்டு வேட்டியில் ராமதாஸ் எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். லீலா கொண்டுவந்த புடவையைத் தாம்பாளத்தில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க வரிசையாக எடுத்து வந்தார்கள்.

மற்ற ஊரில் என்றால் தொட்டுக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். ஆரணிக்காரர்களுக்கு அது ஆகாது. பட்டுப்புடவை கைக்கு வந்தால் முந்தானையைப் புரட்டி வேலைப்பாட்டைப் பார்த்தே தீரவேண்டும். எழிலரசியும் புரட்டினாள்.

"தென்னரசு..." அவள் விரல் சரிகை எழுத்திலேயே நின்றது. "ஐயோ, எம்புள்ள பேரு! எம்புள்ள பேரு இங்க கீதே!"

அதற்கு மேலே பாலு. கீழே இன்னும் மூன்று பேர்.

எழிலரசி புடவையோடு எழுந்து நின்றாள். "எல்லாரும் கேளுங்க! எம்புள்ளைக்கு நெஞ்சு வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! இந்த ராமதாஸ் வித்த மாத்திரயாலதான் செத்தான்! இத்தினி நாளு மறச்சேன், என்னச் செருப்பால அடிக்கணும்!"

"எம்பையனும்தான்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பந்தியிலிருந்து ஒருத்தி எச்சில் கையோடு ஓடிவந்தாள். அப்புறம் இன்னொருத்தி. நாதஸ்வரம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "இன்னா சம்மந்தி இதெல்லாம்?" என்று கேட்டார்.

ராமதாஸுக்கு வேர்த்துக் கொட்டியது. நேரே லீலாவிடம் பாய்ந்தான். "அடிப்பாவி! எம்பொண்ணு குடுத்த பேர மாத்திட்டு, செத்தவனுங்க பேரயா நெய்ஞ்ச? அவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே! யாருடா அங்க, ஜல்தியா போலீசக் கூப்புடு!"

லீலா மணப்பெண் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. தலை நிறையப் பூவோடு பானுப்ரியா வெளியே வந்தாள். எழிலரசியின் கையிலிருந்த புடவையை வாங்கி, முந்தானை எல்லோருக்கும் தெரிகிறபடி தோளில் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் நின்றாள்.

"கூப்புடுப்பா. அந்த அஞ்சு பேரையும் எழுதிக் குடுத்ததே நான்தான்."