பாப்பாத்தி என்கிற ரூத்தம்மா

பாப்பாத்தியின் நெற்றியில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம் இருந்தது. வாசலிலேயே அதைப் பார்த்துவிட்ட மோகன்ராஜுக்கு உள்ளே நுழையக் கால் வரவில்லை. எல்லாம் நம்மால் வந்த வினை என்று நினைத்தான்.

"நான்தான்ணா வச்சுவுட்டேன்," என்றாள் அவள் மகள் சுமித்ரா. "ரெவின்யூ ஆபீசு வி.ஆர்.ஓ. எப்ப வேணா மறுபடி விசாரணைக்கு வருவாரு. செவுத்துல இருந்த ஏசு படத்தகூட எடுத்துப் பொட்டியில போட்டுட்டேன்."

பாப்பாத்தி பாயை உதறி விரித்து, "குந்து நைனா," என்றாள்.

மோகன்ராஜ் அதே காலனியில் பிறந்தவன். ஸ்ரீ சிட்டியில் சார்ஜர் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, விசுவாசம், ஊர், சாதி என்று மனதில் பட்டதை எல்லாம் வலைப்பூவில் எழுதுவான். படிக்கிறவர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம். ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டால் ஊருக்கே பிரசங்கம் செய்கிற மிடுக்கு வந்துவிடும்.

போன கிறிஸ்துமசுக்கு அப்படித்தான் ஒரு கட்டுரை எழுதினான். வரதய்யபாளையம் பக்கத்துக் காலனி ஒன்றில், ரேஷன் கார்டில் பாப்பாத்தியாகவும் சபையில் ரூத்தம்மாவாகவும் இரண்டு பெயரோடு வாழ்கிற ஒரு பெண்ணைப் பற்றி. 'ஞாயிற்றுக்கிழமை ஏசுவின் பெயரைப் பாடுகிற வாய், திங்கட்கிழமை ஆபீசில் அவரைத் தெரியாது என்கிறது. இன்னும் எத்தனை நாளைக்கு?' என்று முடித்திருந்தான்.

தன்னைப் பற்றி எழுதியது என்று பாப்பாத்தி ஆசையாகக் கேட்டதால் அச்செடுத்தும் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சுமித்ராதான் நாலைந்து தடவை படித்துக் காட்டினாள்.

ஆறு மாதம் கழித்து அதே கட்டுரை மண்டல வருவாய் ஆபீஸ் மேஜைக்குப் போய்விட்டது. கிறிஸ்தவர் என்று தெரிந்தால் எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. சுமித்ராவின் சான்றிதழை விசாரணை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். திருப்பதியில் அவளுக்குக் கிடைத்திருந்த நர்சிங் சீட்டே அந்தச் சான்றிதழை நம்பித்தான். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் சீட் அடுத்த ஆளுக்கு.

"எல்லாம் அந்தப் பக்கத்து வூட்டுக் கங்கையா வேலைண்ணா," என்றாள் சுமித்ரா. "சந்துல சொவுரு எழுப்பக் கூடாதுன்னு சண்ட போட்டோம்ல, அன்னிலேருந்து காத்துகினு இருந்தான்."

"அவன் இல்லடி. தெரியாம ஒருத்தர் மேல பழி போடாத," என்றாள் பாப்பாத்தி.

"யாரு குடுத்தா இன்னாக்கா? எழுதினது நான்தான?" என்றான் மோகன்ராஜ். பத்து நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் படித்த டிப்ளமோவும் அதே மாதிரி ஒரு சான்றிதழில் வந்ததுதான். அதைக் கட்டுரையில் எங்கேயும் அவன் எழுதவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தான். இரண்டும் தெலுங்கில் டைப் அடித்தவை.

"வலைப்பூவுலேருந்து அத அழிச்சிட்டேன். இது நான் குடுக்கற கடுதாசி. நான் எழுதினது மொத்தமும் கற்பனை, அப்படி ஒரு பொம்பளயே கெடையாதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னொன்னு நீ குடுக்கறது. காலையில மொத வேலயா ரெண்டையும் குடுத்தா சர்டிபிகேட்ட கையில தந்துடறேன்னு மண்டல ஆபீசு எம்மார்வோ சொல்லிட்டாரு."

சுமித்ராவின் முகத்தில் பத்து நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

"நான் அச்செடுத்துக் குடுத்தேனே, அதையும் குடுக்கா. கிழிச்சிப் போட்டுடலாம்."

"அது இல்ல நைனா."

"வேதப்புத்தகத்துலதான வச்சிகினு இருந்த?" என்றாள் சுமித்ரா.

"இருந்திச்சி. இப்ப இல்ல." பாப்பாத்தி தரையைப் பார்த்துச் சொன்னாள். "நீ போயி ரேசன் கடையில ஸ்டாம்ப் பேடு வாங்கியாடி. கைநாட்டு வைக்கணும்ல."

சுமித்ரா செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

பாப்பாத்தி தன் காகிதத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல இன்னா எழுதிகீது?"

"நான் இந்து. எந்தச் சபைக்கும் நான் போனதே இல்லன்னு."

"வூட்டு மனைக்கு ஒருவாட்டி இப்படித்தான் வச்சேன். பெரியவன் படிப்புக்கு ஒருவாட்டி. ரெண்டு வாட்டியும் வூட்டுக்கு வந்து அழுதேன்."

"இதான் கடைசிக்கா. பொண்ணு வாழ்க்கைக்காக வச்சிடு. பாவம் எல்லாம் என் தலையில போவட்டும். என் எழுத்தாலதான உனக்கு இந்தக் கதி?"

பாப்பாத்தி தெருவை எட்டிப் பார்த்தாள். சுமித்ரா அதற்குள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். பாப்பாத்தி குரலைத் தாழ்த்தினாள்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாத நைனா. நீ எழுதினத நம்பித்தான், இனிமே பொய் சொல்லக் கூடாதுன்னு, நானே கொண்டுபோயி ஆபீசுல குடுத்தேன்."