ஓரமாக வைத்தவை

ஆடிப்பெருக்கு வெயிலில் திருக்காட்டுப்பள்ளிப் படித்துறை கண்ணைக் கூசவைக்கிறது. உல்லாசப் படகு கவிழ்ந்து ஒரு மணி நேரமாகிறது; அதில் போன மதுரத்தை இன்னும் காணவில்லை. நீந்திக் கரையேறிய படகோட்டி மருதையன், நனைந்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் கீழ்ப்படியில் நிற்கிறான்.

"அவங்களுக்கு ஏன்டா மாட்டிவிடல?" என்கிறார் போலீஸ்காரர்.

"நீட்டினேங்க. கண்டவங்க போட்டுக் கழட்டினதை நல்ல நாளும் அதுவுமா தொடமாட்டோம், ஓரமா வைன்னாங்க மதுரம் அம்மா. அவங்க பண்ணையாளு மகன் நான். அதுக்கு மேல சொல்ல வாய் வரலீங்க."

"அதோ!" என்று கரை கூச்சலிடுகிறது. நாணல் ஓரமாக ஆரஞ்சு நிறம் மிதந்து வருகிறது. படகேறாமல் கரையிலேயே நின்றுவிட்ட மதுரத்தின் கணவர் சந்தானகிருஷ்ணன், வேட்டியோடு தண்ணீரில் பாய்ந்து அதை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறார். கைகளுக்குள் அது காலியாக மடிகிறது.