படியேறிய செருப்பு

"பெரியப்பா, என் மாமனாரை நீங்களாவது கேளுங்க. புள்ள கால் மறுபடி கோணிப்போச்சுன்னா அவருதான் பொறுப்பு."

வண்டியில் ஏறியதுமே செண்டா ஆரம்பித்தாள். பட்டம்பாங் டவுன் ஆஸ்பத்திரி வரை இதைக் கேட்டாக வேண்டும்.

மடியில் மூன்று வயது பிசேத். பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கியிருந்தன. மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு நிமிர்த்தினார்கள். ஆனால் நான்கு வயது வரை ராத்திரியில் ஷூ மாட்டித்தான் தூங்க வேண்டும். இரண்டு ஷூவையும் ஒரு இரும்புப் பட்டை சேர்த்துப் பிடித்திருக்கும். விட்டால் பாதம் பழையபடி திரும்பிவிடும்.

மாமனார் சாருன் என் கூட்டாளி. எங்கள் ஊரில் வீடெல்லாம் தூண் மேல்தான். செருப்பு ஏணிப்படிக்குக் கீழேயே நின்றுவிடும். சாருன் வீட்டில் கேட்கவே வேண்டாம். செருப்போடு படியேறி ஓட்டுக் கேட்க வந்தவனையே திட்டி இறக்கியவன்.

"ஷூவை எடுத்தாலே முறைக்கிறாரு. புள்ளயும் அழுவுறான். பல ராத்திரி நான் மாட்டுறதே இல்ல." செண்டாவின் குரல் இறங்கியது. "இன்னிக்கு என்ன சொல்லப் போறாங்களோ."

கிழவன் மேல் எனக்கும் கோபம்.

நர்ஸ் பாதத்தை வளைத்துப் பார்த்தாள். நடக்கச் சொன்னாள். ஓடச் சொன்னாள்.

"அருமையா இருக்கு! ஒரு ராத்திரிகூட விடாம மாட்டியிருக்கீங்கம்மா."

செண்டா வாயைப் பிளந்தாள். "நா... நான் மாட்டலையே!"

"தாத்தா மாட்டுவாரு," என்றான் பிசேத். "நீ குறட்டை விட்டதும். விடியறதுக்குள்ள கழட்டிடுவாரு. அழாம இருந்தா பனைவெல்லம்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"ஊருக்குத் தெரிஞ்சா தாத்தா மானம் போயிடுமாம்."

திரும்பும் வழியெல்லாம் செண்டா பிசேத்தின் பாதத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

வீடு வந்ததும் பிசேத் குதித்து இறங்கினான். ஒரே ஓட்டமாகப் படியேறினான். மேலே சாருன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"பாத்தியாடா, எம்பேரன் ஏறுறதை!"

கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று நானும் முதல் படியில் கால் வைத்தேன்.

"டேய்! செருப்பு!"

பிசேத் தாத்தாவின் கைலியைப் பிடித்து இழுத்தான்.

"நீங்க மட்டும் ராத்திரி செருப்புப் போட்டுக்கிட்டுப் படுக்கலாமா?"

சாருன் முகம் சிவந்துவிட்டது. பேரனைப் பார்க்கவில்லை. மருமகளையும் பார்க்கவில்லை. என் மேல்தான் பாய்ந்தான்.

"பின்ன, புள்ள மட்டும் ஒண்டியா மாட்டிக்கிட்டுப் படுப்பானா? நீ கழட்டிட்டு ஏறுடா!"